ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால்...

மே மாதத்தில் ஒரு காலை நேரம். தளவாய்புரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாள் அது. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி அம்மா, ஆச்சி, பக்கத்து வீட்டு அத்தை எல்லோரும் நிற்கிறார்கள். பதிவெண்ணைத் தட்டியாயிற்று. பிறந்த தேதியையும் தட்டியாயிற்று. ஆனால் திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முடிவு வரவில்லை.

"மறுபடி அமுக்கு தாயி" என்கிறார் ஆச்சி. அவள் மறுபடி அமுக்குகிறாள். வட்டம் மறுபடி சுற்றுகிறது. இன்னும் நாலு முறை அமுக்குகிறாள். பிறகு அத்தையின் கைப்பேசியிலும் முயன்று பார்க்கிறாள்.

முந்தின நாள் இரவு இதே இணையதளம் ஒரு நொடியில் திறந்தது. இன்று மட்டும் அதற்கு என்ன வந்தது? ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் இத்தேர்வை எழுதுவோர் 8 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் ஒரே காலை வேளையில் ஒரே கதவைத் தட்டுகிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? கூட்டம் வந்தாலும் குலையாமல் நிற்கும் இணையதளங்கள் எப்படி நிற்கின்றன? காசு வாங்காமல் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் பொதுத் தளங்களுக்கு அந்தச் செலவை யார் தருகிறார்கள்? மாணவ நண்பர்களே, வாருங்கள், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம்.

தையற்கூடமும் கணிப்பொறியும்

இணையதளம் என்பது காற்றில் மிதக்கும் பொருள் அல்ல. எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறையில், இரும்பு அடுக்குகளில் வைக்கப்பட்ட கணிப்பொறிகள்தாம் அதைத் தாங்குகின்றன. கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதால் இவற்றுக்குச் 'செர்வர்' என்று பெயர்.

நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டதும் செர்வர் என்ன செய்கிறது? அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுப்பதுபோல் எடுத்து நீட்டிவிடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல தளங்களில் பக்கம் என்று ஒன்று தயாராக இருப்பதே இல்லை! எழுத்து ஓரிடத்தில் இருக்கிறது. படம் ஓரிடத்தில் இருக்கிறது. தலைப்பு, பட்டியல், இணைப்புகள் எல்லாம் வேறு இடங்களில் இருக்கின்றன. நீங்கள் கேட்ட பிறகுதான் தரவுத்தளம் என்னும் பெரிய கிடங்கிலிருந்து அவற்றைத் தேடி எடுத்து, அடுக்கி, ஒட்டி, ஒரு பக்கமாக்கி அனுப்புகிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தளவாய்புரத்துக்காரர்களுக்கு நல்ல உதாரணம் ஊரிலேயே உண்டு. நைட்டி முதலான பெண்கள் ஆடைகளைத் தைத்து அனுப்புவதில் பெயர் பெற்ற ஊர் இது. ஆடை வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, துணி எடுத்து, அளவு கொடுத்து, தைத்து வாங்குவது. மற்றொன்று, கடையில் தைத்துத் தொங்கவிட்டிருக்கும் ரெடிமேடு ஆடையை எடுத்துக்கொள்வது. அளவு கொடுத்துத் தைக்கச் சில மணி நேரம் வேண்டும். தொங்குவதை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

கேட்ட பிறகு பக்கத்தைத் தயாரிக்கும் செர்வர், அளவெடுத்துத் தைக்கும் தையற்காரர். இந்த உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதற்கும் இது பயன்படப் போகிறது.

பால்கோவாக் கடைக் கணக்கு

கூட்டம் கூடும்போது என்ன ஆகிறது? ஶ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கல்லாவில் ஒருவர் மட்டும் இருக்கிறார். ஒருவருக்கு எடைபோட்டுக் கட்டிக் கொடுக்கச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது. ஆகவே ஒரு மணி நேரத்தில் 60 பேரைக் கவனிக்க அவரால் முடியும்.

மணிக்கு 30 பேர் வந்தால், ஒருவர் கடையில் செலவிடும் நேரம் சராசரியாக 2 நிமிடம். 54 பேர் வந்தால்? கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கூட்டம்; 4 நிமிடம் ஆகும் என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? தவறு. 10 நிமிடம் ஆகும்! 57 பேர் வந்தால் 20 நிமிடம். 59 பேர் வந்தால் 60 நிமிடம். 57 பேருக்கும் 59 பேருக்கும் வித்தியாசம் இரண்டே பேர்தான். காத்திருப்போ மூன்று மடங்காகிவிட்டது.

ஏன் இப்படி? ஆட்கள் மணி அடித்தாற்போல் நிமிடத்துக்கு ஒருவராக வருவதில்லை. சில நிமிடங்களில் நால்வர் வருவார்கள். சில நிமிடங்களில் யாருமே வரமாட்டார்கள். ஒருவருக்குக் கால் கிலோ போதும்; இன்னொருவர் பத்துப் பெட்டி கேட்பார். கடைக்காரர் சும்மா இருந்த நிமிடங்களைச் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்த முடியாது. ஆனால் தேங்கிய கூட்டமோ தேங்கியே நிற்கும். ஓய்வு நேரம் குறையக் குறைய, தேக்கம் கரைய வழியில்லாமல் போகிறது. கணக்கு இதுதான்: கவனிக்கக்கூடிய எண்ணிக்கையிலிருந்து வருவோர் எண்ணிக்கையைக் கழியுங்கள், 60ஐ அந்த மீதியால் வகுத்தால், சராசரியாக எத்தனை நிமிடம் என்பது கிடைக்கும். மீதி சுழியை நெருங்கினால் விடை வானத்தைத் தொடும்.

வரிசைகளைப் பற்றிய இந்தக் கணிதத்துக்கு வித்திட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்னும் கணித அறிஞர். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த அவர், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேச முயல்வார்கள், அதற்கு எத்தனை கம்பிகள் வேண்டும் என்று ஆராய்ந்து 1909ல் முதல் கட்டுரையை வெளியிட்டார். தொலைபேசிக்கு எழுதிய கணக்கு இன்று செர்வர்களுக்கும் பொருந்துகிறது. 95 விழுக்காடு சுமையில் ஓடும் செர்வர், இன்னும் 5 விழுக்காடு மிச்சம் இருக்கிறது என்று மகிழ முடியாது. அது பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது.

தைத்துத் தொங்கவிட்ட பக்கங்கள்

அப்படியானால் செர்வர்களை வாங்கி வாங்கி அடுக்கவேண்டியதுதானா? அதற்குக் காசு? இங்கேதான் ஒரு நல்ல யோசனை கைகொடுத்தது.

அமெரிக்காவில் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற இளைஞர் இருந்தார். பள்ளித் தோழர்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க 1999ல் 'லைவ்ஜர்னல்' என்ற தளத்தைத் தொடங்கினார். தோழர்களின் தோழர்கள் வந்தார்கள். பிறகு யார் யாரோ வந்தார்கள். விளையாட்டாய் ஆரம்பித்தது லட்சக்கணக்கானோரின் பொது மன்றமாகிவிட்டது. தரவுத்தளம் மூச்சுத் திணறியது. புதுக் கணிப்பொறி வாங்கினால் சில மாதங்களுக்குத் தாங்கும். பிறகு அதுவும் நிரம்பிவிடும்.

ஒரே தகவலைக் கிடங்கிலிருந்து மீண்டும் மீண்டும் எடுப்பதில்தான் பெரும்பகுதி உழைப்பு வீணாகிறது என்பதை அவர் கண்டார். பத்து நொடிக்கு முன் ஒருவருக்காக எடுத்த அதே தகவலை இப்போது இன்னொருவருக்காக எடுப்பானேன்? முதல் முறை எடுத்ததை ஒரு பிரதி எடுத்து, கைக்கெட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டால் என்ன? 2003ல் அவர் இதற்காக எழுதிய நிரலுக்கு 'மெம்கேஷ்டி' என்று பெயர். அதை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பின்னாளில் ஃபேஸ்புக், யூடியூப், விக்கிப்பீடியா போன்ற பெரும் தளங்களும் அதைப் பயன்படுத்தின.

இப்படிக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் பிரதிக்குக் 'கேஷ்' என்று பெயர். நம் உதாரணத்தில் அதுதான் ரெடிமேடு ஆடை. ஒருவர் கேட்டபோது ஒருமுறை தைத்தாயிற்று. அதே அளவு கேட்டு வரும் அடுத்த ஆயிரம் பேருக்கும் தொங்குவதை எடுத்துக் கொடுத்தால் போதும்.

இதன் பலனைக் கணக்கிட்டுப் பாருங்கள். நூறு பேர் கேட்டால் 90 பேருக்குத் தயார்ப் பிரதி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தையற்காரருக்கு மீதி 10 பேர்தான். 95 பேருக்குக் கிடைத்தால் மீதி 5 பேர்தான். 90லிருந்து 95 என்பது சிறு உயர்வாகத் தோன்றுகிறது. ஆனால் தையற்காரரின் வேலை சரிபாதியாகிவிட்டது! இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

மாறாத பக்கங்களுக்கு இன்னும் வசதி. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட 'மதுரைத் திட்டம்' உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவச மின்னூல்களாக வெளியிட்டு வருகிறார்கள். திருக்குறள் நாளைக்கு மாறப்போவதில்லை. ஒருமுறை ஆக்கிவைத்த கோப்பை அப்படியே கொடுத்துக்கொண்டிருக்கலாம். 1,330 குறளும் சேர்ந்து சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

ஒரு பாடகர் இறந்த நாள்

ஆனால் எல்லாப் பக்கங்களும் திருக்குறளைப்போல் நிலைத்து நிற்பதில்லை. மாறும் பக்கத்துக்குக் கூட்டம் வந்தால் என்ன நேரும் என்பதை 2009 ஜூன் 25 உலகுக்குக் காட்டியது.

அன்று பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்தார். செய்தி பரவியதும் உலகெங்கும் பெருங்கூட்டம் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரையைத் திறந்தது. படிக்க வந்தவர்களால் மட்டும் தளம் திணறியிருக்காது. ஒரே பக்கத்தைப் படிப்பவர்க்குத் தயார்ப் பிரதி போதும். ஆனால் அதே நேரத்தில் பலர் அக்கட்டுரையைத் திருத்திக்கொண்டும் இருந்தார்கள். ஒருவர் ஒரு வரியைத் திருத்தினாலும் பழைய பிரதி செல்லாது. புதிதாகத் தயாரிக்கவேண்டும். அது மிக நீண்ட கட்டுரை. தயாரிக்கப் பல நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளுக்குள் ஏராளமானோர் கேட்டுவிட்டார்கள். தயார்ப் பிரதி இல்லை என்று கண்ட ஒவ்வொரு செர்வரும், மற்றவை என்ன செய்கின்றன என்று பாராமல், தானே அதைத் தயாரிக்கத் தொடங்கியது. தயாரித்து முடிப்பதற்குள் இன்னொருவர் இன்னொரு வரியைத் திருத்தியிருப்பார்!

தையற்கூடத்தில் ஐம்பது தையற்காரர்களும் மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு ஒரே ஆடையை ஆளுக்கொன்றாகத் தைத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? தைத்து முடிக்குமுன் மாதிரி மாறிவிட்டது என்று குரல் வந்தால்? அதேதான். விக்கிப்பீடியா சிறிது நேரம் முடங்கியது. ஜாக்சனைத் தேடாதவர்களுக்கும் பக்கம் கிடைக்கவில்லை.

பிறகு செய்த மாற்றம் மிகவும் எளிமையானது. ஒரு பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்கும் வேலையை ஒரு செர்வர் எடுத்துக்கொண்டால், மற்றவை காத்திருக்கவேண்டும். காத்திருப்போர் அதிகமானால், வருபவர்க்குச் சில நொடி பழைய பிரதியைக் கொடுத்துவிடலாம். யார் எதைத் தைக்கிறார்கள் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் இந்த மேஸ்திரி நிரலுக்குப் 'பூல்கவுன்ட்டர்' என்று பெயர்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. கூட்டம் மட்டுமே ஒரு தளத்தைச் சாய்த்துவிடுவதில்லை. செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் சாய்க்கிறது.

சிங்கப்பூரில் ஒரு கிளைக்கடை

நம் தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் போன்றோர் தொடக்க நாளிலிருந்து உழைத்தார்கள். 2017 மே மாதத்தில் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. இன்று ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது. எழுதுபவர்கள் ஊதியம் பெறுவதில்லை.

இந்தக் கட்டுரைகளைத் தயாரிக்கும் முதன்மைச் செர்வர்கள் அமெரிக்காவில் வர்ஜீனியாவிலும் டெக்சாசிலும் இருக்கின்றன. தளவாய்புரத்திலிருந்து வர்ஜீனியா எவ்வளவு தொலைவு? நேர்வழியிலேயே ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்ப 28,000 கிலோமீட்டர் என்றால் 0.14 நொடி. கடலடிக் கேபிள்கள் வளைந்து செல்வதால் இன்னும் அதிகம். ஒரு பக்கம் திறக்கப் பல முறை போய்வரவேண்டியிருக்கும் என்பதால் இது கூடிக்கொண்டே போகும். எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது!

அதற்காகத்தான் 2018ல் சிங்கப்பூரில் ஒரு நிலையம் திறந்தார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கேபிள்கள் ஓடுகின்றன. 2002ல் போடப்பட்ட ஒன்றின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். இதில் போய்த் திரும்ப 0.032 நொடி போதும். ஆனால் சிங்கப்பூரில் தையல் நடப்பதில்லை. அது ரெடிமேடுக் கிளைக்கடை. அதிகம் கேட்கப்படும் பக்கங்களின் பிரதிகள் மட்டும் அங்கே தொங்குகின்றன. இல்லாததைக் கேட்டால் அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டும்.

அனுப்பும் சரக்கின் எடையிலும் சிக்கனம் உண்டு. 'தளவாய்புரம்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். ஏழு எழுத்து. கணிப்பொறியில் எத்தனை பைட்? இன்று வழக்கிலுள்ள யூனிகோடு முறையில் 'பு' என்பது 'ப' ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. இணையத்தில் பெரிதும் புழங்கும் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். எண்ணிப் பார்த்தால் 11 குறிகள், 33 பைட். ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 13 எழுத்து, 13 பைட்தான்!

தமிழுக்கு நட்டமா? கவலை வேண்டாம். அந்த மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டு மதிப்புகளில் ஏதேனும் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் சொல்லி, மற்ற இடங்களில் 'முன் சொன்னதே' என்று குறித்து அனுப்பும் சுருக்கும் முறைகள் உண்டு. அவற்றில் தமிழ்ப் பக்கம் நன்றாகச் சுருங்கிவிடும். செர்வர் சுருக்கி அனுப்புகிறது. உங்கள் கைப்பேசி விரித்துக் காட்டுகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில்.

கணக்குப் புத்தகம்

இப்போது செலவுக்கு வருவோம். 300 வாட் மின்சாரம் எடுக்கும் ஒரு செர்வர் நாள் முழுதும் ஓடினால் 7.2 யூனிட் ஆகும். ஆண்டுக்கு 2,600 யூனிட்டுக்கு மேல். ஆயிரம் செர்வர் இருந்தால் 26 லட்சம் யூனிட். அவை வெளிவிடும் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டிக்கு வேறு மின்சாரம். கேபிள் வழியே அனுப்பக் கட்டணம். பழுதான வட்டுகளை மாற்றச் செலவு. தீப்பிடித்தாலும் அறிவு அழியாதிருக்க வேறு ஊரில் இன்னொரு பிரதி.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஶ்ரீவில்லிபுத்தூருக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். அன்றைய கூட்டத்துக்கு வேண்டிய பேருந்துகளை ஆண்டு முழுவதும் அதே வழியில் ஓட்டினால் நட்டம். வழக்கமான பேருந்துகளை மட்டும் வைத்துக்கொண்டால் தேரன்று மக்கள் தவிப்பார்கள். தேர்வு முடிவுத் தளத்துக்கும் இதே சிக்கல்தான். ஒரு நாளுக்காக ஓராண்டுச் செலவா? ஆகவேதான், அன்று மட்டும் கூடுதல் கணிப்பொறிகளை வாடகைக்கு எடுக்கும் 'மேகக் கணிமை' முறை வந்தது. குறுஞ்செய்தியிலும் முடிவை அனுப்புவது கூட்டத்தை வேறு வழியில் திருப்பிவிடும் நல்ல ஏற்பாடு.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் விளம்பரம் வெளியிடுவதில்லை. வாசகர்கள் கொடுக்கும் நன்கொடைதான் அதன் முதன்மை வருவாய். 2022-23ஆம் ஆண்டில் அதன் மொத்தச் செலவு சுமார் 16.9 கோடி டாலர். அதில் இணைய இருப்பிடத்துக்காக மட்டும் செலவானது சுமார் 31 லட்சம் டாலர். நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு! பாதிக்கும் மேல் ஊழியர்களின் சம்பளம் முதலியவற்றுக்குப் போயிற்று. பொறி வாங்குவது ஒருநாள் செலவு. அதைப் பழுது பார்த்து, பூட்டைக் காத்து, புதிய நிரல் எழுதி, இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை மணி அடித்தால் எழுந்திருக்க மனிதர்கள் வேண்டும். எந்தப் பொதுத் தளத்துக்கும் இது பொருந்தும். சிறிய தளங்களில் அந்த மனிதர் சம்பளமில்லாத ஓர் ஆர்வலராக இருப்பார். அவர் களைத்துவிட்டால் தளமும் மூடப்படும்.

வாசிக்காத வாசகர்கள்

அண்மை ஆண்டுகளில் புதுவகைக் கூட்டம் ஒன்று வந்திருக்கிறது. அது மனிதக் கூட்டம் அன்று. இணையதளங்களைப் பக்கம் பக்கமாக அள்ளிச் செல்லும் தானியங்கி நிரல்கள். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க ஏராளமான எழுத்தும் படமும் வேண்டியிருப்பதால் இவை பெருகிவிட்டன.

2025 ஏப்ரலில் விக்கிமீடியா நிறுவனம் தன் நிலையை வெளியிட்டது. 2024 ஜனவரியிலிருந்து, படங்களையும் காணொளிகளையும் இறக்குவதற்கான போக்குவரத்து 50 விழுக்காடு கூடியிருந்தது. பக்கப் பார்வைகளில் சுமார் 35 விழுக்காடுதான் தானியங்கிகள். ஆனால் மிகுந்த செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு அவற்றால் வந்தது!

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? விடை உங்களுக்கே தெரியும். மனிதர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பக்கங்களைத் தேடுகிறார்கள். இன்று செய்தியில் வந்தவர், நாளைக்குப் பாடத்தில் வருபவர். அவற்றின் பிரதிகள் கிளைக்கடையில் தொங்குகின்றன. தானியங்கியோ, யாரும் மாதக்கணக்கில் திறக்காத மூலை முடுக்குகளையும் வரிசையாகக் கேட்கிறது. கடைக்கு ஒருவர் வந்து உலகத்திலுள்ள ஒவ்வோர் அளவிலும் ஒவ்வோர் ஆடை கேட்டால் எப்படி? ரெடிமேடு உதவாது. ஒவ்வொன்றையும் தைத்தாகவேண்டும்.

முன்னே விட்டுவந்த கணக்கை இப்போது திருப்பிப் போடுங்கள். நூற்றுக்கு 95 பேருக்குத் தயார்ப் பிரதி கிடைத்த நிலை 90ஆகக் குறைந்தால், தையற்காரரின் வேலை ஐந்திலிருந்து பத்தாகிறது. ஆம், இரட்டிப்பு!

இதன் விளைவு எங்கே தெரிந்தது? 2024 டிசம்பரில் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் இறந்தார். ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய பக்கத்தை ஒரே நாளில் 28 லட்சம் முறை பார்த்தார்கள். ஜாக்சனிடம் பாடம் கற்ற தளம் இதை எளிதில் தாங்கியது. ஆனால் 1980ல் ரீகனோடு அவர் நடத்திய விவாதத்தின் ஒன்றரை மணி நேரக் காணொளியையும் அதே நேரத்தில் பலர் பார்த்தார்கள். போக்குவரத்து இரட்டிப்பாயிற்று. சுமார் ஒரு மணி நேரம் சில இணைப்புகள் நிரம்பி வழிந்தன; சிலருக்குப் பக்கம் மெதுவாகத் திறந்தது. பொறியாளர்கள் போக்குவரத்தை வேறு வழிகளில் திருப்பிச் சரிசெய்தார்கள். பிறகு ஆராய்ந்தபோதுதான் காரணம் விளங்கிற்று. நெருக்கடிக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தானியங்கிகள் முன்பே நிரப்பியிருந்தன. பால்கோவாக் கடையில் 54 பேர் இருந்த இடத்தில் நமக்குத் தெரியாமலே 59 பேர் ஆகிவிட்டிருந்தார்கள்!

தானியங்கிகளுக்கு 'இங்கே வா, அங்கே வராதே' என்று சொல்லும் அறிவிப்புப் பலகை 1994 முதலே வழக்கில் இருக்கிறது. ஆனால் அது பூட்டு அல்ல, வேண்டுகோள்தான். மதிப்பவர் மதிப்பார். மதிக்காதவரை, ஒருவர் ஒரு நிமிடத்தில் இத்தனை முறைதான் கேட்கலாம் என்று வரம்பு வைத்துத் தடுக்கவேண்டியிருக்கிறது.

ஆச்சி சொன்னதும் எந்திரம் கற்றதும்

மீண்டும் தளவாய்புரத்துத் திண்ணைக்கு வருவோம். "மறுபடி அமுக்கு" என்றாரே ஆச்சி, அது சரியா?

நாம் ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் செர்வரின் வரிசையில் புதிதாக ஒருவர் சேர்கிறார். முன்பு அமுக்கியதை நாம் மறந்தாலும் செர்வர் பல சமயம் அதற்கும் உழைத்துக்கொண்டிருக்கும். அவள் தன் கைப்பேசியில் ஆறு முறை, அத்தையின் கைப்பேசியில் ஒரு முறை என்று அமுக்கினால், வரிசையில் நிற்பது ஒருத்தி அல்ல, ஏழு பேர். எல்லோரும் இப்படிச் செய்தால் 8 லட்சம் என்பது அரைக் கோடிக்கும் மேலாகிவிடும்.

கணிப்பொறிகள் இதற்கு ஒரு பண்பாட்டைக் கற்றிருக்கின்றன. 1970களில் உருவான ஈதர்நெட் வலையமைப்பில் ஒரே கம்பியைப் பல கணிப்பொறிகள் பகிர்ந்துகொண்டன. இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் இரண்டின் செய்தியும் கெட்டுவிடும். அப்போது அவை உடனே மறுபடி கத்துவதில்லை. சிறிது நேரம் காத்திருக்கும். மறுபடியும் மோதினால் காத்திருப்பின் எல்லையை இரண்டு மடங்காக்கும். பிறகு நான்கு, எட்டு என்று கூட்டும். எல்லோரும் ஒரே கணத்தில் திரும்பி வராதிருக்க, அந்த எல்லைக்குள் ஆளுக்கொரு நேரத்தைக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்ளும். இன்றும் நல்ல நிரல்கள் இவ்வாறே நடந்துகொள்கின்றன. நாமும் கற்றுக்கொள்ளலாமே!

ஆற்றுநீர் பாயும் கண்மாய்க்கு எல்லோரும் உரிமையாளர்கள். மடையை ஒருவரே திறந்து வைத்துக்கொண்டால் கடைசி வயல் காயும். தூர் வார யாரும் வராவிட்டால் எல்லா வயலும் காயும். இலவசப் பொதுத் தளமும் அப்படித்தான். இலவசம் என்றால் செலவில்லை என்று பொருள் அல்ல. செலவை வேறொருவர் சுமக்கிறார் என்று பொருள். தேவையானதை ஒருமுறை இறக்கி வகுப்பில் பகிர்ந்துகொள்வதும், படத்தைச் சிறிதாக்கிப் பதிவேற்றுவதும், பிழை கண்டால் திருத்துவதும் நம்மால் செய்யக்கூடிய தூர்வாரும் வேலைகள்.

அந்த மாணவிக்கு முடிவு வந்ததா? வந்தது. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஒரே ஒரு முறை அமுக்கியபோது!

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: இரண்டு தாயக்கட்டைகள் (1 முதல் 6 வரை புள்ளி உள்ளவை), தாள், பென்சில்.

ஒரு கட்டை 'வருபவர்', மற்றது 'கடைக்காரர்'. ஒவ்வொரு முறையும் இரண்டையும் உருட்டுங்கள். வருபவர் கட்டையில் 1 அல்லது 2 விழுந்தால் வரிசையில் ஒருவரைச் சேர்க்கவும். கடைக்காரர் கட்டையில் 1 முதல் 4 வரை விழுந்தால் வரிசையிலிருந்து ஒருவரை அனுப்பவும். யாரும் இல்லையென்றால் அந்த வாய்ப்பு வீண். 100 முறை உருட்டி, ஒவ்வொரு முறையும் வரிசையின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1 முதல் 3 வரை விழுந்தால் ஒருவர் வருவதாக மாற்றி விளையாடுங்கள். அடுத்து 1 முதல் 4 வரை என்று மாற்றுங்கள். மூன்று ஆட்டங்களையும் வரைபடமாக வரையுங்கள். முதல் ஆட்டத்தில் வரிசை அடிக்கடி சுழியைத் தொடும். மூன்றாவது ஆட்டத்தில் என்ன ஆகிறது? உங்கள் வகுப்பில் பத்துக் குழுக்கள் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். எர்லாங் கண்ட உண்மை உங்கள் கையிலேயே உருளும்.